இஞ்சி போன வழி

முழங்கால் வலி, சீனி வருத்தம், பிரஷர் மாத்திரை, இதுகளை விட்டா நம்ம கூட்டத்துக்குப் பேச ஒண்ணுமே இல்லாமப் போச்சுன்னு நேத்து ஒருத்தி போன்ல சலிச்சுக்கிட்டா. உண்மைதான். ஒரே பெஞ்சுல ஒட்டி உக்காந்து, ஒரே சிலேட்டைத் துப்பித் துப்பி அழிச்சு எழுதின சனம் நாம. இப்ப வாட்ஸ்அப் குழுவுல காலை வணக்கம், ஒரு ரோசாப்பூப் படம், அதோட சரி. அதான் இன்னிக்கு நான் ஒண்ணு சொல்லலாம்னு உக்காந்தேன். கதை இல்ல, நடந்தது. உங்கள்ல பாதிப் பேருக்கு இதுல ஒரு ஓரம் தெரியும். "அந்தக் குட்டி மூணு மதத்துக்கும் மாறப் பாத்தாளே"ன்னு லயத்து வீடுகள்ல பேசிச் சிரிச்சாங்களே, அந்த ஓரம். மிச்சம் உங்கள்ல யாருக்கும் தெரியாது. எனக்கும் எங்கம்மாவுக்கும்தான் முழுசாத் தெரியும். அம்மாவும் இப்ப இல்ல.

அப்ப நான் எட்டாம் வகுப்பு. மழைக்காலம். நம்ம கொட்டகலைப் பக்கத்து மழையைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? தகரக் கூரையில விழுற சத்தத்துல பக்கத்துல இருக்கிறவங்க பேசுறது கூடக் கேக்காது. கத்திக் கத்திப் பேசியே நமக்கெல்லாம் தொண்டை இப்படி ஆகிப்போச்சு. மலையில இருந்து வந்த அம்மாமாருங்களோட கம்பளியை அடுப்புக்கு மேல காயப் போடுவாங்க. அந்த ஈரக் கம்பளி வாடையும், புகையும், கீழ தேயிலை ஸ்டோர்ல இருந்து வர்ற வதங்கின கொழுந்து வாசமும் சேந்து ஒரு மணம் வரும் பாருங்க, அதை இப்ப எங்க போய்த் தேடுறது. வீட்டுக்கு வீடு இருமல். வீட்டுக்கு வீடு அம்மிக்கல்லுல இஞ்சி நசுக்குற சத்தம்.

எங்கம்மா கொழுந்து எடுக்குறது. அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டுறவரு, வாயைத் திறந்தாக் கேலிதான். அம்மா கூடப் பொறந்த மாமா துரை பங்களாவுல சமையல்காரர். பங்களாச் சமையல்காரரை அப்புன்னுதானே சொல்லுவோம். வெள்ளைக்காரத் துரை இருந்த காலத்துலயே உள்ள போனவரு, அப்புறம் சிங்களத் துரை வந்தும் அவரு மாறல. மாமாவுக்கு இங்கிலீசுன்னா உசுரு. நம்ம வீட்டுக்கு வந்து பிளேன்டீ குடிச்சாலும் "சோசர் இல்லையா?"ன்னு கேக்குற ஆளு. எங்களுக்கு ரெண்டு டம்ளர் இருந்தாலே பெரிய விசயம்.

ஒருநாள் மாமா பங்களாவுல தீந்துபோன போத்தல் ஒண்ணை, மண்ணெண்ண ஊத்தி வச்சுக்க உதவும்னு கொண்டுவந்து குடுத்தாரு. பழுப்பு நிறக் கண்ணாடி. ஒட்டியிருந்த தாள்ல எழுத்துக் கூட்டிப் படிச்சேன். ஜிஞ்சர் பீர்.

"மாமா, ஜிஞ்சர்னா இஞ்சியா? ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே?"

"மாதிரி என்னா மாதிரி. ஜிஞ்சர்தான் தேஞ்சு இஞ்சி ஆச்சு. லைன் லயமாச்சு, பரேடு பெரட்டாச்சு, கண்டக்டர் கண்டாக்காச்சு. நம்ம சனத்து வாயில எது ஒழுங்கா நொழைஞ்சிருக்கு?"

"அப்ப வெள்ளைக்காரன் வர்ற வரைக்கும் நம்மாளுங்களுக்கு வயித்து வலியே வரலையா மாமா?"

அப்பா சிரிச்ச சிரிப்புல பிளேன்டீ மூக்குல ஏறிடுச்சு. மாமாவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. "பொம்பளப் புள்ளைக்கு வாயப் பாரு. படிப்பு ஏற ஏற இப்படித்தான்"னு அம்மாவைப் பாத்துச் சொல்லிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

நான் விளையாட்டாத்தான் கேட்டேன். ஆனா அன்னிக்குப் பூரா எனக்குக் கோவம் கோவமா வந்துச்சு. நாம இருக்கிற ஒத்தை அறைக் காம்பரா தோட்டத்தோடது. வாசல்ல இருக்கிற மண்ணு தோட்டத்தோடது. பீலியில வர்ற தண்ணி தோட்டத்தோடது. வாயில கிடக்கிற வார்த்தையுமா அவங்க குடுத்தது? ஒண்ணே ஒண்ணாவது நம்மகிட்ட இருந்து அந்தப் பக்கம் போயிருக்காதா? இதை யாருகிட்டக் கேக்குறதுன்னு தெரியல. நம்ம வாத்தியாரு பாவம், நாலு வகுப்பையும் ஒரே கொட்டகையில வச்சு மேய்ச்சுக்கிட்டு இருந்தாரு.

சனிக்கிழமை மாதா கோயிலுக்குப் போனேன். ஞாபகம் இருக்கா, றோட்டு வளைவுல இருந்துச்சே, மஞ்சள் சுண்ணாம்பு அடிச்ச சின்னக் கோயில். அங்க இருந்த பாதர் யாழ்ப்பாணத்து மனுசன். அவரு அறையில தலகாணி மொத்தத்துல ஒரு இங்கிலீசு அகராதி இருக்குன்னு கேள்விப்பட்டிருந்தேன். வாசல்ல நின்னு, "பாதர், எனக்கு ஒரு வார்த்தை பாக்கணும்"னேன். அவரு மூக்குக்கண்ணாடியைத் தூக்கி என்னை மேலயும் கீழயும் பாத்தாரு. சேறு ஒட்டின காலு, ஈரப் பாவாடை.

"ஆரும் பிள்ளையள் என்னட்ட மருந்து கேட்டு வருவினம், பால்மா கேட்டு வருவினம். சொல்லுக் கேட்டு வந்தது நீதான். வா உள்ள."

நாங்க தேடுன கதையைச் சொல்லணுமே. அவரு விரலு தாளுல ஊருது, நான் மூச்சைப் புடிச்சுக்கிட்டு நிக்கிறேன். "ஜிஞ்சர். பிரெஞ்சில இருந்து வந்தது. அதுக்கு முன்னம் லத்தீன், ஸிஞ்சிபெர். நான் குருமடத்தில படிச்சிருக்கிறன். அதுக்கும் முன்னம் கிரேக்கம், ஸிங்கிபெரிஸ். அதுக்கு முன்னம் ஏதோ கிழக்கத்தைய பாஷை எண்டு மட்டும்தான் கிடக்கு."

"கிழக்குன்னா நாமளா பாதர்?"

"கிழக்கு எண்டால் அரபு நாட்டில இருந்து சீனா மட்டும் கிழக்குத்தான், பிள்ளை."

எனக்குச் சப்புன்னு ஆயிடுச்சு. "அப்ப நம்ம பாஷை வார்த்தை ஒண்ணு கூட இதுக்குள்ள இல்லையா?"ன்னு கேட்டேன். பாதர் யோசிச்சு, முன் பக்கமா ஒரு இடத்துக்குத் தாளைத் தள்ளினாரு. விரல் ஒரு இடத்துல நின்னுச்சு. நானே எட்டிப் பாத்தேன். தமிழ்னு போட்டிருந்துச்சு. அதுக்குப் பக்கத்துல இருந்த வார்த்தை, கூலி.

"இதையும் சில பேர் வேற இடத்தில இருந்து வந்ததெண்டு சொல்லுறவை. நிச்சயமில்லை"ன்னாரு பாதர், அவசர அவசரமா. கறியும் சுருட்டும் கட்டுமரமும் கூட அந்தப் புத்தகத்துக்குள்ள போயிருக்குன்னு ரொம்ப காலம் கழிச்சுத்தான் எனக்குத் தெரியும். அன்னிக்கு அவரு கண்ணுல பட்டது இதுதான். மழையில நனைஞ்சுக்கிட்டே வீட்டுக்கு வந்தேன். அழுதேனா, மழையான்னு எனக்கே தெரியல. உலகத்துக்கு நாம குடுத்தது இந்த ஒண்ணுதானான்னு ராத்திரி பூரா கேட்டுக்கிட்டே கிடந்தேன். அந்த இஞ்சியை விடுறதில்லைன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

அரபு நாடுன்னு பாதர் சொன்னாரே, அது ஞாபகத்துல இருந்துச்சு. கடைவீதியில நம்ம முஸ்லிம் நானா கடை. தேங்காய், கருவாடு, பருப்பு, இஞ்சி, எல்லாம் ஒரே வாடை. நானா அரபு ஓதுவாரு. அம்மா வெங்காயம் வாங்கிவரச் சொன்னப்ப, தராசுத் தட்டு ஆடி நிக்கிற வரைக்கும் காத்திருந்து கேட்டேன்.

"நானா, அரபுல இஞ்சிக்கு என்னா பேரு?"

"ஸன்ஜபீல். குர்ஆன்லயே ஈக்குது புள்ள. சொர்க்கத்துல குடிக்கக் குடுக்கிற பானத்துல அதைக் கலந்திருப்பாங்க." தராசுக்கல்லைக் கையில வச்சுக்கிட்டே என்னைப் பாத்தாரு. "என்னாத்துக்கு இப்ப உனக்கு?"

நான் எல்லாத்தையும் கொட்டிட்டேன். மாமா சொன்னது, பாதர் சொன்னது, ஸிஞ்சிபெர், ஸிங்கிபெரிஸ். நானா வெங்காயத்தைக் கட்டாம அப்படியே நின்னு கேட்டாரு. வெளிய மழை ஊத்துது. உள்ள இருந்து அவரு பெண்சாதி, நாங்க ராத்தாம்போமே, அவங்க வந்து, "புள்ள தெப்பமா நனைஞ்சு நிக்குது, நீங்க வியாபாரம் பேசுறீங்க"ன்னு திட்டி, காஞ்ச துணி ஒண்ணைக் குடுத்து என் தலையில சுத்திவிட்டாங்க.

"இந்தா பாரு புள்ள," நானா சொன்னாரு, "எங்கட முன்னோருங்க கப்பல்ல வந்து இங்க இருந்துதான் ஏலம், மிளகு, இஞ்சி ஏத்திட்டுப் போனாங்க. அரபு மண்ணுல இஞ்சி வெளையாது. வாங்குறவன் சாமானுக்குப் பேரு வப்பானா? விக்கிறவன் என்னா பேரு சொல்றானோ அதைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போவான். அரபிக்காரனும் கிரேக்கனும் ஒரே கடையிலதான் வாங்கிருப்பான். அந்தக் கடை எதுன்னு பாரு."

எனக்குக் கையைத் தட்டணும் போல இருந்துச்சு. அந்தக் கடை எதுன்னு யாருக்குத் தெரியும்னு கேட்டதுக்கு, "பழைய பாஷை படிச்சவர் நம்ம டவுன்ல பன்சல ஹாமுதுரு ஒருத்தர்தான். பயப்படாமப் போ, நல்ல மனுசன்"னாரு.

புத்தர் கோயில் பன்சலைக்குப் போறது லேசா? நமக்கு அங்க என்னா வேலைன்னு கேப்பாங்களேன்னு பயம். வெறுங்கையோட போகக் கூடாதுன்னு வேலியோரம் இருந்த வெள்ளைப் பூ நாலைப் பறிச்சுக்கிட்டுப் போனேன். காவி கட்டின ஹாமுதுரு அரசமரத்தடியில இலை கூட்டிக்கிட்டு நின்னாரு. வயசானவரு, ஆனா முதுகு வளையல. "மொகத, துவ?"ன்னாரு, என்ன மகளேன்னு. முதல்ல பூவை வைக்கச் சொன்னாரு. வச்சுக் கும்பிட்டேன். அப்புறம் கடைவீதிச் சிங்களத்துல திக்கித் திக்கிக் கேட்டேன், உங்க பாஷையில இஞ்சிக்கு இங்குருன்னு சொல்றீங்களே, அதுக்கு முன்னாடி என்னான்னு.

"சிங்கிவேர"ன்னாரு. "பாலி மொழி. பிக்குமாருக்கு மருந்தா எந்தெந்தக் கெழங்கு வச்சுக்கலாம்னு சொல்ற இடத்துல வருது. ரொம்பப் பழசு." அவருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். ரெண்டு பாஷையும் கலந்துதான் பேசினோம். "சிங்கன்னா கொம்பு. மான் கொம்பு மாதிரி கிளை விடுதுல்ல, அதனால அந்தப் பேருன்னு சொல்லுவாங்க."

"அப்ப வேர?"

அவரு யோசிச்சாரு. உடம்புன்னு ஒரு அர்த்தம் சொல்றாங்க, ஆனா தனக்கு அது திருப்தியா இல்லைன்னாரு. நான் அவரு கையில இருந்த விளக்குமாத்தைப் பாத்துக்கிட்டு நிக்கிறேன். சிங்கிவேர, சிங்கிவேர. வாயில திரும்பத் திரும்பப் போட்டுப் பாக்குறேன். எங்கம்மா அம்மிக்கு முன்னாடி உக்காந்து, மண்ணு ஒட்டின இஞ்சியைச் சொரண்டுறது கண்ணுல வருது.

"சாமி, மண்ணுக்குக் கீழ இருக்கிறதை எங்க பாஷையில வேர்னு சொல்லுவோம். இஞ்சி வேர்."

ஹாமுதுரு கூட்டுறதை நிறுத்திட்டாரு. "இஞ்சி வேர்"னு மெதுவா ஒரு தடவை சொன்னாரு. அப்புறம் பல்லில்லாத வாயைத் திறந்து குழந்தை மாதிரி சிரிச்சாரு. "வென்ன புளுவன், துவ. இருக்கலாம். நல்லா இருக்கலாம்." படிச்சவங்க பல பேரு அப்படித்தான் எழுதியிருக்காங்கன்னு இப்ப நான் போன்லயே பாத்துட்டேன். ஆனா அந்த 'இருக்கலாம்' தந்த சந்தோசத்தை இந்தப் போனு தரல. பன்சலைப் படியில இருந்து நான் குதிச்சுக் குதிச்சு இறங்குறேன். அந்த நேரத்துல பங்களாவுக்குச் சாமான் வாங்க வந்த மாமா, குடையும் கையுமா றோட்டுல நின்னு என்னைப் பாத்துக்கிட்டே இருக்காரு.

அன்னிக்குச் சாயங்காலம் எங்க காம்பராவுல கூடுன கூட்டத்தை நினைச்சா இப்பவும் எனக்குச் சிரிப்பும் வருது, பயமும் வருது. ஏற்கனவே ஒருத்தி வந்து அம்மாகிட்ட, ஒன் மக மாதா கோயில்ல இருந்து வந்தாளேன்னு சொல்லியிருக்கா. இன்னொருத்தி, நானா கடையில தலையில துணி சுத்திக்கிட்டு உள்ள உக்காந்திருந்தாளேன்னு சொல்லியிருக்கா. இப்ப மாமா வந்து, பன்சலைப் படியில இறங்கினதைக் கண்ணால பாத்தேன்ங்கிறாரு.

"எந்த மதத்துக்குடி மாறப்போற?"ன்னு அம்மா கேட்டுச்சு.

"நான் எதுக்கும் மாறல. ஒரு வார்த்தையைத் தேடிப் போனேன்."

"ஆட்டைத் தேடிப் போவாங்க, மாட்டைத் தேடிப் போவாங்க. வார்த்தையைத் தேடி ஊரு மேயப் போனவளை நான் பாத்ததில்லடி!"

அப்பா மூலையில இருந்து, "ஒரு மதத்துக்குப் போறேன்னா அடிக்கலாம். மூணுக்கும் போறேங்கிறவளை எந்தக் கணக்குல அடிக்கிறது?"ன்னாரு. யாரும் சிரிக்கல. மாமா மட்டும், "ஒங்க கேலிதான் மச்சான் இந்தப் புள்ளையைக் கெடுத்துச்சு"ன்னாரு. எனக்கு ஆத்திரம் தாங்கல. ஜிஞ்சர்ல இருந்து இஞ்சி வரல, இஞ்சியில இருந்துதான் ஜிஞ்சர் போயிருக்குன்னு கத்தினேன். மழைச் சத்தத்துல பாதி அவங்களுக்குக் கேக்கவே இல்ல. கேட்ட பாதியையும் மாமா சாகிற வரைக்கும் ஒத்துக்கல. "இருக்கட்டும், ஆனா அதைக் கேக்குல போடலாம்னு சொல்லிக்குடுத்தது வெள்ளைக்காரன்தானே"ம்பாரு.

அம்மாவை நான் அப்ப எவ்வளவு வெறுத்தேன் தெரியுமா? இப்பத்தான் புரியுது. வயசுக்கு வந்த புள்ள, லயத்துல பேச்சுக் கிளம்பிடுச்சு. கட்டிக் குடுக்கப் போறப்ப இந்தப் பேச்சுதான் முன்னாடி போய் நிக்கும்னு அது பயந்துச்சு. அந்தப் பயத்துக்கு அம்மாவுக்குத் தெரிஞ்ச மருந்து ரெண்டே ரெண்டு. ஒண்ணு மாரியம்மன் கோயில் பூசாரி. இன்னொண்ணு பேர் குடுக்குறது.

பூசாரிகிட்ட முதல்ல கூட்டிட்டுப் போச்சு. "மூணு சாமியும் சேந்து புடிச்சிருக்கு, என்னான்னு பாருங்க"ன்னுச்சு. பூசாரி என் நெத்தியில திருநீறு அப்பி, கண்ணைத் தூக்கிப் பாத்து, நெஞ்சுல காதை வச்சுக் கேட்டாரு. "சாமியும் இல்ல, பேயும் இல்ல. மழையில அலைஞ்சு சளி கட்டியிருக்கு. இஞ்சிச் சாறு குடு தாயி"ன்னாரு. நான் சிரிச்சேன் பாருங்க, அடக்கவே முடியல, கோயிலே அதிருது. அதுதான் வினையாப் போச்சு. சாமி முன்னாடி நின்னு சிரிக்கிறவளுக்கு இனிப் பள்ளிக்கூடம் எதுக்குன்னு அம்மா முடிவே பண்ணிடுச்சு.

பேர் குடுக்குறதுன்னா என்னான்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. நம்ம வகுப்புல எத்தனை பேரு அப்படிப் போனாங்க. காலையில வேலைக்கு ஆளு கூடுற பெரட்டுக்களத்துக்கு அம்மா கூடப் போகணும், கணக்கப்பிள்ளை பேரைக் கேப்பாரு, எழுதிக்குவாரு. அன்னிக்கே கூடை, அன்னிக்கே மலை. எழுதின பேரு எழுதினதுதான். அதுக்கப்புறம் பள்ளிக்கூடம் வந்தவங்க யாரையும் நான் பாத்ததில்ல. அம்மாவுக்கும் அப்படித்தான் பேரு விழுந்துச்சு, என் வயசுக்கு முன்னாடியே.

விடியுறதுக்கு முன்னாடி அம்மா என்னை எழுப்பி, கொழுந்து எடுக்குறப்ப அது கட்டுற பழைய சாக்குப் படங்கை என் இடுப்புல சுத்திக் கட்டிவிட்டுச்சு. சாக்கு நாத்தம், தேயிலைக் கறை. முடிச்சை இறுக்குறப்ப அது என் மூஞ்சியைப் பாக்கல. கூடைக் கயித்தைத் தலையில மாட்டிவிட்டுச்சு. அப்பா அடுப்புக்கு முன்னாடி குந்திக்கிட்டு, அன்னிக்கு ஒரு கேலியும் பேசல. அதைப் பாத்ததும்தான் எனக்கு அடிவயித்துல இருந்து அழுகை வந்துச்சு.

குறுக்குப்பாதையில அம்மா முன்னாடி, நான் பின்னாடி. மழை விட்டுத் தூவானம் போட்டுக்கிட்டு இருந்துச்சு. பாதி வழியில அம்மா திரும்பாமயே கேட்டுச்சு.

"அப்படி என்னாதாண்டி தேடுன?"

அதுவரைக்கும் யாரும் அதைக் கேக்கல. ஏன் போன, யாரைப் பாத்த, யாரு கூட்டுனான்னுதான் கேட்டாங்க. நான் அழுதுக்கிட்டே எல்லாத்தையும் சொன்னேன். பாதர் அகராதி. கூலிங்கிற வார்த்தையைப் பாத்தது. நானா சொன்ன கடைக் கணக்கு. ஹாமுதுரு இஞ்சி வேர்னு சொல்லிப் பாத்துச் சிரிச்சது. அம்மா நடந்துக்கிட்டே இருந்துச்சு. கேட்டுச்சா இல்லையான்னு கூட எனக்குத் தெரியல.

பெரட்டுக்களத்துல பொம்பளைங்க வரிசை கட்டி நின்னாங்க. கம்பளியில இருந்து ஆவி பறக்குது. என்னைப் படங்கோட பாத்ததும் அம்மாவுக்குப் பக்கத்துல நின்ன அக்கா, "என்னாடி, பேர் குடுக்கப் போறியா? படிக்கிற புள்ளையாச்சே?"ன்னா.

அம்மா ஆரம்பிச்சுச்சு. குத்தம் சொல்லத்தான் ஆரம்பிச்சுச்சு, சத்தியமா. "படிச்ச லெச்சணத்தைக் கேளு. மழையில ஊரெல்லாம் அலைஞ்சிருக்கு இந்தக் கழுதை. எதுக்குன்னு நெனைக்கிற? இஞ்சிக்கு! இஞ்சிங்கிற பேரு எங்க இருந்து வந்துச்சுன்னு பாக்க! என் தம்பி சொல்றான், இங்கிலீசுல இருந்து வந்துச்சுன்னு. இவ இல்லேங்கிறா. பாதர்கிட்டயே போய்க் கேட்டிருக்கா."

"பாதர்கிட்டயா?"

"பாதர் மட்டுமா? இங்கிலீசுக்காரன் பிரெஞ்சுக்காரன்கிட்ட வாங்குனானாம். அவன் லத்தீன்காரன்கிட்ட. அவன் கிரேக்கன்கிட்ட." அம்மா ஒவ்வொண்ணுக்கும் ஒரு விரலை மடக்குது. எனக்கு வாய் பிளந்துபோச்சு. ஒண்ணு விடல, வரிசை தப்பல. "அரபிக்காரனும் அதே கடையிலதான் வாங்குனானாம். அவங்க வேதத்துலயே இருக்காம், நானா சொன்னாராம். அப்புறம் பன்சல சாமி. அவரு பழைய ஏட்டுல இருக்கிற பேரைச் சொல்ல, இவ நின்ன நெலையில சொல்லியிருக்கா, அது நம்ம இஞ்சி வேருன்னு. அவரு ஆமாங்கிறாராம்!"

"இருக்கலாம்னுதாம்மா சொன்னாரு"ன்னேன் நான்.

"நீ சும்மா இருடி." அம்மா குரல் ஏறிப்போச்சு. முன் வரிசை, பின் வரிசை எல்லாம் திரும்பிப் பாக்குது. "நாமதான் கப்பல்ல ஏறி இங்க வந்து சேந்தோம்னு நெனைச்சேன். நம்ம வார்த்தையும் கப்பல்ல ஏறித்தான் போயிருக்குது. அது போன ஊருல எல்லாம் அதுக்கு மரியாதை. துரை பங்களா வரைக்கும் போய் உக்காந்திருக்கு!"

"அடி ஆத்தீ! துரை வாயில நம்ம வேரா!"ன்னு பின்னாடி ஒருத்தி கத்தினா. களமே சிரிச்சுச்சு. ஒரு அக்கா என் கன்னத்தைக் கிள்ளி, "இதெல்லாம் இந்த மண்டைக்குள்ளயா இருக்கு?"ன்னா. அம்மா மூஞ்சி செவந்துபோச்சு. அது கோவம் இல்லைன்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுச்சு. அம்மா என்னைப் பத்தி நாலு பேரு முன்னாடி பெருமையாப் பேசி அன்னிக்குத்தான் முதல் தடவை கேக்குறேன்.

"என்னா சத்தம் அங்க?"ன்னு கணக்கப்பிள்ளை வந்தாரு. "யாரு புதுசு? பேரைச் சொல்லு."

சிரிப்பு நின்னுபோச்சு. கணக்கப்பிள்ளை பேனாவைத் திறந்துட்டாரு. எல்லாரும் அம்மாவைப் பாக்குறாங்க. அம்மா வாயைத் திறந்துச்சு. ஒண்ணும் வரல. திரும்பவும் திறந்துச்சு. இப்பத்தானே அத்தனை பேரு முன்னாடி விரலை மடக்கி மடக்கிச் சொல்லி முடிச்சுச்சு, என் பேரு வாயில எப்படி வரும்?

"எழுதாதீங்க ஐயா"ன்னுச்சு.

"என்னாது?"

"புள்ளைக்குப் பள்ளிக்கூடம் இருக்கு."

"அப்ப படங்கைக் கட்டி, கூடையை மாட்டி எதுக்கம்மா கூட்டிட்டு வந்த?"

எங்கம்மாவுக்குப் பொய் சொல்ல வராது. கடைசியில, "வழித்துணைக்கு"ன்னுச்சு. தினமும் தனியா நடக்கிற பாதைக்கு வழித்துணையாம்! கணக்கப்பிள்ளையே சிரிச்சுட்டாரு. பேனாவை மூடிட்டு அடுத்த வரிசைக்குப் போயிட்டாரு.

அம்மா என் தலையில இருந்து கூடையை வெடுக்குன்னு புடுங்கிச்சு. "என்னாடி பல்லைக் காட்டிக்கிட்டு நிக்கிற? மணி அடிச்சிருவாங்க, ஓடு!"

ஓடினேன். குறுக்குப்பாதை, பாலம், மேடு, எதுவும் கண்ணுல தெரியல. வகுப்புக்குள்ள போய் நின்னப்பத்தான் நீங்க எல்லாரும் என் இடுப்பைப் பாத்துச் சிரிக்கிறீங்க. குனிஞ்சு பாக்குறேன், படங்கு அப்படியே இருக்கு. முடிச்சை அவுத்தேன். நாலா மடிச்சுப் பெஞ்சுல போட்டு, அது மேலயே ஏறி உக்காந்து, அன்னிக்குப் பாடத்தை எழுத ஆரம்பிச்சேன்.